உரோமாபுரியில் நண்பர் உலா

உலா என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழ் மாணவர் உள்ளத்தில் எழுவது ஒரு பிரபந்த வகை. தலைவன் வீதியிற் பவனி வருவான். ஊரார் நின்று காண்பர். ஐரோப்பாவின் பழைய நகரங்களைக் காணச் செல்வோர் கதையில் இம்முறை மாறிவிடுகின்றது. நகரே தலைவன்; அது நின்ற இடத்தில் நிற்கும்; காண்போரே வீதிவலம் வருவர். இவ்வாறு காண்பதற்கென்றே மக்கள் நடந்தும் குதிரையேறியும் நெடுந்தூரம் சென்ற நகரங்களுள் முதன்மை பெற்றது உரோமாபுரி. வழிபாடு, வழக்கு, வாணிகம் என்பவற்றின் பொருட்டுச் செல்வோர் எந்நகருக்கும் உளர். இடிந்த சுவர்களையும் முறிந்த தூண்களையும் பார்ப்பதற்காக ஒருவர் பயணஞ் செய்தல் ஒரு காலத்திற் புதுமையாயிருந்தது. அப்புதுமையைத் தோற்றுவித்தோர் யாவர் என ஆராயுமிடத்து, அவர்கள் பெரும்பாலும் தனித்துச் சென்றாரல்லர் என்பதும், இருவராயும் ஐவராயும் நண்பரொடு கூடிச் சென்றனர் என்பதும் புலனாகும். அந்நகரின் கற்கள் ஆராய்ச்சிக்குரிய பொருளாயினமைக்கும், எஞ்சியவற்றுட் சில சுண்ணாம்பாகாது தப்பியமைக்கும் அந்நண்பர்களின் உரையாடல் ஒரு பெருங் காரணமாயிற்று.

பதினான்காம் நூற்றாண்டில் உரோமாபுரி இருந்த நிலையை முதலில் அறிதல் வேண்டும். பேரரசர் அகுஸ்துவின் காலத்தில் அங்குப் பத்து இலட்சம் மக்கள் வரை வாழ்ந்தனர் என வரலாற்றாசிரியர் கணிப்பர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளின் பின் அத்தொகை சில பதினாயிரங்களாகச் சுருங்கிவிட்டது. மூன்றாம் நூற்றாண்டிலே பேரரசர் ஒரேலியன் எழுப்பிய மதில் ஏறத்தாழ 19 கிலோமீற்றர் சுற்றளவுடையது. அம்மதிலினுள் மக்கள் நெருங்கிக் குடியிருந்தது தைபர் ஆற்றின் வளைவையடுத்த சிறு பகுதியிலேயே. எஞ்சிய நிலம் கொடிமுந்திரித் தோட்டமாயும் மேய்ச்சற் றரையாயும் கிடந்தது. உலகை ஆண்ட மன்றம் கூடிய ஃபோரம் என்னும் வெளி நாளடைவில் மாட்டு வெளி என்றும், வெற்றி பெற்ற தளபதிகள் தேரேறிச் சென்ற கப்பித்தோல் குன்று ஆட்டுக் குன்று என்றும் வழங்கப்படலாயின. பாப்பரசர்களும் 1309 முதல் 1377 வரை அந்நகரை விட்டு, இன்றைய பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில் தங்கியிருந்தனர்.

அங்கு வந்த யாத்திரிகருக்கு வழிகாட்டி நூல் இல்லாமலில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமாபுரியின் அற்புதங்கள் எனப் பொருள்படும் பெயருடைய இலத்தீன் நூலொன்று எழுந்தது. ஒவ்வோர் இடிபாட்டுக்கும் ஒரு கதை, ஒவ்வொரு சிலைக்கும் ஒரு வியப்பு என அமைந்த அந்நூலின் போக்கு, நம் நாட்டுத் தலபுராணங்களைப் படித்தவர்க்குப் புதிதாகத் தோன்றாது. அதனைக் கையிற்கொண்டு வந்தவர் அதிலுள்ளதையே கண்டனர். குதிரைமேலமர்ந்த மார்க்கஸ் ஒரேலியுஸ் பேரரசரின் வெண்கலச் சிலையைக் கிறித்தவப் பேரரசர் கொன்ஸ்தந்தீனின் உருவென மக்கள் நெடுங்காலம் மயங்கினர். அம்மயக்கமே அதனை உருக்குலையிலிருந்து காத்தது என்பர்.

இத்தகைய நகருக்குக் கவிஞர் பெத்திரார்க்கு 1337ஆம் ஆண்டு முதன்முறையாக வந்தார். அவர் அரெற்சோ நகரிற் பிறந்து, அவிஞ்ஞோனில் வளர்ந்து, உரோமரின் நூல்களையே உணவாகக் கொண்டவர். அவருக்கு ஆதரவளித்த கொலொன்னாக் குடியினர்க்கும் ஒர்சினிக் குடியினர்க்கும் பகைமை மூண்டிருந்தமையால் வழிப்பயணம் அஞ்சத்தக்கதாயிருந்தது; நூறு குதிரை வீரர் சூழ அவர் அழைத்துவரப்பட்டார். நூலிற் படித்த பெருமையை நேரிற் காணுங்கால் ஏமாற்றம் உண்டாகுமோ என்னும் ஐயம் அவர்க்கு இருந்தது. கண்ட பின்னரோ, நகர் தாம் எண்ணியதினும் பெரிதாயிருந்தது எனக் கடிதம் வரைந்தார்.

அவருடைய கடிதங்களுள் மற்றொன்றே இங்கு முக்கியமானது. யோவன்னி கொலொன்னா என்னும் தொமினிக்கத் துறவிக்கு அவர் எழுதியது அது. பெத்திரார்க்கின் புரவலராகிய கர்தினாலுக்கும் இப்பெயரே. இத்துறவி அக்குடியில் வந்த வேறொருவர், வரலாறு எழுதும் ஆற்றலுடையவர். இருவரும் உரோமாபுரியில் உலாவிய நாட்களை அக்கடிதம் நினைவுகூர்கின்றது. அவர்கள் நகரின் உள்ளும் புறமும் நடந்தனர். அடிதோறும் ஏதேனும் ஒன்று நாவை அசைத்தது. ஓரிடத்தில் ஓநாய் இரட்டைக் குழவிகட்குப் பாலூட்டியது. மற்றோரிடத்தில் சீசர் வெற்றி விழாக் கொண்டாடினார். பிறிதோரிடத்தில் அவரே வீழ்ந்தார். இங்குப் பேதுருவானவர் சிலுவையில் அறையுண்டார். இங்குப் பவுலடியார் தலை துணிக்கப்பட்டது. கடிதத்தின் ஒரு பகுதி முழுவதும் இவ்வாறு இடப்பெயரும் நிகழ்ச்சியுமாக நீள்கின்றது.

நடந்து களைத்தபோது இருவரும் தியோக்கிளேசியன் பேரரசரின் நீராடு மண்டபத்துக்குச் சென்று, எஞ்சி நின்ற வளைகூரையின் மேல் ஏறியமர்ந்தனர். அம்மண்டபம் 298 முதல் 306 வரை கட்டப்பட்டது. மேலே நல்ல காற்று, தடையில்லாத காட்சி, அமைதி, தனிமை. கீழே சிதைந்த நகரம் கண்முன் விரிந்து கிடந்தது. வீட்டுக் கவலைகளையும் அரசியலையும் விட்டு அவர்கள் வரலாறு பேசினர். பேசுங்கால் தம்முள் ஒரு பங்கீடும் செய்துகொண்டனர். கிறித்துவின் பெயர் உரோமாபுரியிற் போற்றப்பட்ட காலத்துக்கு முற்பட்டன பழையவை, பிற்பட்டன புதியவை. பழையவற்றிற் கவிஞரும் புதியவற்றிற் துறவியும் வல்லுநராயிருந்தனர். ஒரே இடத்தைப் பார்த்து ஒருவர் ஒன்று கூற, மற்றவர் பிறிதொன்று கூறினார். ஒரு நகரின் வரலாற்றை இரு காலங்களாகப் பகுத்து நோக்கும் எண்ணம் ஒரு நூலகத்திற் பிறந்ததன்று. களைத்த கால்களுடன் கூரைமேலிருந்த இருவரின் பேச்சில் அது உருக்கொண்டது. உரோமாபுரியை உரோமாபுரியினரே மிகக் குறைவாக அறிவர் என்னும் வருத்தமான கருத்தையும் பெத்திரார்க்கு அக்கடிதத்தில் வெளியிட்டார்.

ஆயினும் அந்நடையின் குறையையும் கூறுதல் வேண்டும். அந்நண்பர்கள் கண்டது கல்லையன்று. கல்லின் மேற் படிந்த நூலையே. இதற்குச் சான்றாக ஒரு கட்டடம் இன்றும் நிற்கின்றது. நகரின் தென்வாயிலருகே, ஒரேலியனின் மதிலோடு இணைந்து, எகித்திய நாட்டுப் பிரமிதுகளை ஒத்த கூம்பகம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 36 மீற்றர் உயரமுடைய அது வெண்சலவைக்கல் போர்த்தது. உரோமாபுரியைத் தோற்றுவித்த சகோதரருள் ஒருவராகிய இரேமுவின் கல்லறை அது என மக்கள் கூறினர். வத்திக்கானுக்கு அண்மையில் இதனையொத்த வேறொரு கூம்பகமும் நின்றமையால், அது மற்றவராகிய உரோமுலுவின் கல்லறை எனப்பட்டது. இரு கூம்பகம், இரு சகோதரர், கதை பொருந்திவிட்டது. பெத்திரார்க்கும் இதனை ஐயுறாது இரேமுவின் கல்லறையென்றே எழுதினார். உண்மையில் அது கி. மு. முதல் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வாழ்ந்த காயுஸ் செஸ்தியுஸ் என்னும் அலுவலரின் கல்லறை. அவர் பெயரும் பதவிகளும் அதன் முகத்திலேயே பேரெழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. அவருடைய விருப்பமுறிப்படி வேலை 330 நாட்களில் முடிவுற்றது என்பதும் அங்கே உண்டு. இத்துணையும் எழுதியிருக்கக் கவிஞர் அதனைப் படித்திலர்.

இப்பிழையைச் சுட்டியவர் பொஜ்ஜோ பிராச்சொலினி. 1380ஆம் ஆண்டு பிறந்த இவர், பாப்பரசரின் செயலகத்திற் பணியாற்றியவர். மடங்களின் புழுதியிலிருந்து பழைய இலத்தீன் நூல்களைத் தேடியெடுத்தமையாற் புகழெய்தியவர். 1417இல் உலுக்கிரேசியுவின் நூலைக் கண்டெடுத்தவர் இவரே. அத்துணைக் கற்றவராகிய பெத்திரார்க்கு எவ்வாறு இப்படி எழுதினார் என வியந்த பொஜ்ஜோ, புதர்கள் எழுத்தை மூடியிருந்தமையால் அதனைத் தேடிப் படிக்க அவர் முயலவில்லை போலும் என அமைதி கூறினார். அமைதி போலத் தோன்றினும் அது கூர்மையான கண்டனமே. பொஜ்ஜோ புதரை விலக்கிப் படிக்கும் இனத்தவர். மதில்களிலும் வாயில்களிலும் கண்ட கல்வெட்டுக்களைப் பெயர்த்தெழுதித் தொகுத்தவர்.

பொஜ்ஜோவின் உலாத் துணைவர் விச்சென்சா நகரத்து அந்தோனியோ லொஸ்கி. இருவரும் ஒரே செயலகத்தவர். ஐந்தாம் மார்த்தீன் பாப்பரசர் 1431இல் இறப்பதற்குச் சிறிது முன்பு இருவரும் குதிரையேறிக் கப்பித்தோல் குன்றுக்குச் சென்றனர் எனவும், லொஸ்கி களைப்புற்றமையாற் குதிரையினின்றும் இறங்கி ஒரு பழங் கோயிலின் சலவைக்கல் வாயிற்படியருகே, முறிந்த தூண்களினிடையே அமர்ந்தனர் எனவும் பொஜ்ஜோ தம் நூலொன்றிற் கூறுகின்றார். ஊழின் நிலையாமை பற்றிய அந்நூல் 1448இல் நிறைவுற்றது. அக்குன்றின்மேல் இருந்து கண்ட காட்சியை அவர் அடுக்கிச் சொல்லும் முறை தனித்தன்மை வாய்ந்தது. வெற்றி வீரர் வழியைக் கொடிமுந்திரி மறைத்திருந்தது. மூதவையினர் இருக்கைகளைச் சாணமும் குப்பையும் மூடியிருந்தன. புலம்பலோடு அவர் நின்றாரல்லர். எக்கோயில், எவ்வளைவு, எத்துணைத் தூண்கள் எஞ்சின, எந்த எழுத்து இன்னும் படிக்கத்தக்கது என வரிசையாக எண்ணிச் செல்கின்றார். பெத்திரார்க்கின் கடிதம் நிகழ்ச்சிகளின் பட்டியலாயிருக்க, இது எஞ்சிய பொருள்களின் பட்டியலாக அமைந்தது. பின்வந்த தொல்பொருளாராய்ச்சிக்கு இதுவே பயன்பட்டது.

அப்பட்டியலில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு. அது சுண்ணாம்பு. சலவைக்கல்லும் சுண்ணக்கல்லும் ஒரே இனப் பொருள். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்திற் சுட்டால் அவை கரியமிலவாயுவை விட்டு நீற்றாத சுண்ணாம்பாகும். சுண்ணக்கல் நிலத்தில் வாழும் யாழ்ப்பாணத்தவர்க்குச் சூளையின் தொழிலை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் உரோமாபுரிச் சூளைகளில் வெந்தவை நிலத்திலிருந்து தோண்டிய வெறுங் கற்களல்ல. சிலையின் கையும், தூணின் தலையும், கல்வெட்டுப் பலகையும் அவற்றுள் வீழ்ந்தன. மலைநாட்டிலிருந்து கல்லை வண்டியேற்றிக் கொண்டுவருவதிலும் பக்கத்துக் கோயிலை உடைத்துச் சுடுவது எளிது. வெண்மை மிக்க கல் நல்ல சுண்ணாம்பு தரும். ஆகவே மிகச் சிறந்த சிற்பமே முதலிற் சூளைக்குச் சென்றது. சூளைகள் மிகுந்திருந்த ஒரு பகுதிக்கு அத்தொழிலின் பெயரே இடப்பெயராயிற்று.

பொஜ்ஜோ 1403இல் முதன்முறை அந்நகருக்கு வந்தபோது, கப்பித்தோல் குன்றினடியில் கொன்கோர்தியா கோயில் எனத் தாம் கருதிய அழகிய சலவைக்கற் கோயில் ஏறக்குறைய முழுமையாக நின்றதைக் கண்டார். பின்னர்க் கோயில் முழுவதும் முன்மண்டபத்தின் ஒரு பகுதியும் சுண்ணாம்பாயின. அப்பியன் பெருவழியிலுள்ள செசீலியா மெத்தெல்லாவின் கல்லறையும், அத்தனை நூற்றாண்டுகள் தீண்டப்படாது நின்று, அவர் கண்முன்னே பெரும்பகுதி அழிந்தது. கொலோசியம் என்னும் பேரரங்கின் பெரும்பகுதியும் மக்களின் மடமையால் அவ்வாறே போயிற்று என அவர் மனம் வெதும்பினார். அவர் எழுதி முடித்த சில ஆண்டுகளில், 1452இல், ஒரே குத்தகைக்காரர் ஒன்பது மாதங்களில் 2,522 வண்டிக் கற்களை அப்பேரரங்கிலிருந்து ஏற்றிச் சென்றமை கணக்கேடுகளிற் பதிவாயுள்ளது. 1462இல் இரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் பழைய கட்டடங்களை இடித்தலையும் சுண்ணாம்பாக்கலையும் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். ஆணை இருந்தது, சூளையும் இருந்தது.

இடையே ஒன்று கூறலாம். ஃபோரத்தின் ஓரத்தில் மூன்று பேருருவ வளைவுகளுடன் நிற்கும் மண்டபத்தை அக்காலத்தவர் சமாதானத்தின் கோயில் என்றனர். அது பேரரசர் மாக்சென்சியுஸ் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டத் தொடங்கிய மண்டபம் எனப் பின்னரே தெளியப்பட்டது. அம்மண்டபம் எழுந்த இடத்தில் அதற்குமுன் இருந்தது தொமித்தியன் பேரரசர் அமைத்த மிளகுக் களஞ்சியம். யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மேலைக் கடற்கரையிலிருந்து ஏற்றிச் சென்ற மிளகு அங்கேதான் குவிக்கப்பட்டது. அவ்வளைவுகளின் கீழ் நின்று வியந்த கவிஞரும் செயலாளரும் தம் காலடியில் தென்னாட்டு மிளகின் களஞ்சியம் புதைந்து கிடந்ததை அறிந்திலர்.

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலா நிலத்தின் கீழும் இறங்கிற்று. பொம்போனியோ லேத்தோ என்னும் இலத்தீன் ஆசிரியரும் அவர் நண்பர் குழுவும் கிறித்தவரின் பழைய நிலவறைக் கல்லறைகளுட் புகுந்து தம் பெயர்களைச் சுவர்களில் எழுதிவைத்தனர். 1468இல் அவர்களுட் பலர் சதி செய்தனர் என்னும் குற்றச்சாட்டின்பேரிற் சிறைப்பட்டதற்கு, இத்தகைய கூட்டங்கள் எழுப்பிய ஐயமும் ஒரு காரணமாயிற்று. ஓவியர் சிலர் கயிற்றின் துணையால் நீரோ பேரரசரின் பொன்மாளிகையுள் இறங்கினர். மண் மூடிய அம்மாளிகை குகைபோலத் தோன்றியமையால் அங்குக் கண்ட விந்தை உருவங்கட்குக் குகை என்னும் சொல்லடியாகவே இத்தாலியர் பெயரிட்டனர். அப்பெயர் இன்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வழங்குகின்றது.

1506ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நிகழ்ந்ததைக் கண்ட சிறுவன் ஒருவன் முதியவனான பின் அறுபது ஆண்டு கழித்து எழுதி வைத்தான். எஸ்குயிலைன் குன்றின் கொடிமுந்திரித் தோட்டமொன்றிற் சிலைகள் அகப்பட்டன என்னும் செய்தி பாப்பரசர் இரண்டாம் யூலியுவுக்கு எட்டியது. கட்டடக் கலைஞர் யூலியானோ த சங்காலோவைப் போய்ப் பார்க்குமாறு அவர் பணித்தார். யூலியானோவின் வீட்டுக்கு நாளும் வந்துபோகும் நண்பர் ஒருவர் அங்கிருந்தார், அவரே மைக்கலாஞ்சலோ. அவரையும் அழைத்துக்கொண்டு, தம் மகன் பிரான்சிஸ்கோவையும் ஏற்றிக்கொண்டு யூலியானோ சென்றார். குழியுள் இறங்கிய கணத்திலே, பிளினி கூறிய இலாவோகூன் இதுவே என்றார் தந்தை. பாம்புகளால் நெருக்குண்ட தந்தையும் இரு மைந்தருமாகிய அச்சிற்பக் கூட்டத்தைக் கண்டபின் அவர்கள் உணவருந்தத் திரும்பினர் எனப் பிரான்சிஸ்கோவின் 1567ஆம் ஆண்டுக் கடிதம் கூறும். ஒருவர் நூலறிவால் இனங்கண்டார். ஆனால் நூலறிவோடு காட்சி நின்றுவிடவில்லை. அது ஒரே கல்லிற் செதுக்கப்பட்டது எனப் பிளினி எழுதியிருந்தார். மைக்கலாஞ்சலோவும் மற்றொரு சிற்பியும் அதனை நுணுகி ஆராய்ந்து, ஒரே கல்லன்று எனக் கூறி இணைப்புக்களைச் சுட்டிக்காட்டினர். பெத்திரார்க்குக்கு நூல் கூறியதே உண்மை. இங்கே கல்லைத் தடவிய கைகள் நூலைத் திருத்தின.

இப்பயிற்சி முழுமை பெற்றது ஓவியர் இரபேலின் நண்பர் குழாத்தில். 1508இல் உரோமாபுரிக்கு வந்த இரபேல், 1514இற் புனித பேதுரு பேராலயத்தின் கட்டடக் கலைஞராக நியமிக்கப்பட்டார். 1515 ஆகத்து 27ஆந் திகதி பத்தாம் சிங்கராயர் பாப்பரசர் அவருக்கு ஓர் ஆணைப்பத்திரம் வழங்கினார். நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தோண்டியெடுக்கப்படும் சலவைக்கல் யாவும் மூன்று நாளுள் அவருக்கு அறிவிக்கப்படல் வேண்டும். எழுத்துப் பொறித்த கல்லை அவர் அனுமதியின்றி எவரும் அறுத்தலாகாது. மீறுவோர் நூறு முதல் முந்நூறு வரை பொற்காசு தண்டம் இறுத்தல் வேண்டும். இதனைத் தொல்பொருட் காவற் சட்டம் எனப் புகழ்வாருளர். முழுதும் படித்தவர் அவ்வாறு கூறத் தயங்குவர். ஆணையின் முதல் நோக்கம் பேராலயத் திருப்பணிக்கு வேண்டிய கல்லைத் திரட்டல். எழுத்துடைய கல்லைக் காத்தல் அதன்பின் வந்தது. பழையன அழிவதற்கும் பிழைப்பதற்கும் ஒரே மனிதர் பொறுப்பாக்கப்பட்டார்.

இந்நிலையில் அவர் யாரோடு உலாவினார் என்பது கவனித்தற்குரியது. 1516 ஏப்பிரில் 3ஆந் திகதி வெனிசு நகரத்து அறிஞர் பியேத்ரோ பெம்போ தம் நண்பராகிய கர்தினால் பிபியேனாவுக்கு எழுதிய கடிதத்தில், மறுநாள் தாமும், நவாஜேரோ, பெயாச்சானோ என்னும் இரு நண்பரும், பல்தசாரே கஸ்திலியோனேயும், இரபேலும் திவோலிக்குச் செல்லப்போவதாக அறிவித்தார். திவோலி உரோமாபுரிக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அத்திரியன் பேரரசரின் பெருமனை அதன் அடிவாரத்திற் சிதைந்து கிடக்கின்றது. தாம் இருபத்தேழு ஆண்டுகளின் முன் கண்ட அவ்விடத்தை மீண்டும் காணல் வேண்டும் என்பதும், ஊர் திரும்பவிருந்த நவாஜேரோவை மகிழ்வித்தல் வேண்டும் என்பதும் பெம்போவின் விருப்பம். பழையதும் புதியதும் அழகியதுமாகிய யாவற்றையும் பார்ப்போம் என அவர் எழுதினார். அக்குழுவிற் கவிஞர் உளர். இலத்தீன் அறிஞர் உளர். அரசவைப் பண்பை வகுத்துரைக்கும் நூலை எழுதிக்கொண்டிருந்த கஸ்திலியோனே உளர். கண்ணாற் சிந்திக்கும் ஓவியர் ஒருவரும் உளர். இரபேல் இலத்தீனில் வல்லுநரல்லர். கட்டடக்கலை பற்றிய விற்றுருவியுவின் நூலை இரவென்னா நகரத்து முதியவர் பாபியோ கல்வோ அவருக்காக இத்தாலிய மொழியிற் பெயர்த்துக் கொடுத்தார். நண்பர் எழுத்தைக் கொடுத்தனர். அவர் கண்ணைக் கொடுத்தார். நவாஜேரோவும் பெயாச்சானோவும் ஒருங்கே தோன்றும் அவருடைய ஓவியம் இன்றும் உரோமாபுரியில் தோரியா பாம்பிலி மாளிகையில் இருக்கின்றது. உரையாடலின் நடுவே யாரோ அழைக்கத் திரும்பியவர் போன்று இருவரும் நம்மை நோக்குகின்றனர்.

இந்நட்பின் கனியாக 1519ஆம் ஆண்டளவில் பாப்பரசருக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் வரையப்பட்டது. உரோமாபுரியின் பழைய கட்டடங்களை அளந்து படமாக்கும் பணி இரபேலிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது; அதற்கு முன்னுரை போல்வது அது. தாம் வந்து இன்னும் பன்னிரண்டு ஆண்டு நிறையவில்லை, இதற்குள் அழிந்தவை இவை என அது பெயர் கூறி எண்ணுகின்றது. அலெக்சாந்தர் வீதியில் நின்ற கூம்பகம் அவற்றுள் ஒன்று. அதுவே உரோமுலுவின் கல்லறை என முன்னர்க் கூறப்பட்டது. அவ்வீதியை அமைப்பதற்காக 1499இற் பெரிதும் இடிக்கப்பட்ட அதன் எச்சமும் பின்னர் மறைந்தது. இன்று நாம் காணும் புதிய உரோமாபுரி, அதன் மாளிகைகளும் ஆலயங்களும், பழைய சலவைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பினாலேயே கட்டப்பட்டது என விண்ணப்பம் கூறுகின்றது. பாப்பரசரின் மாளிகையில் அவருடைய முகத்துக்கு முன்னே, அவருடைய பேராலயத்தைக் கட்டுபவரே இதனைக் கூறத் துணிந்தமை நோக்கத்தக்கது.

விண்ணப்பம் புலம்பலோடு முடியவில்லை. கட்டடமொன்றின் காலத்தை அதன் உருவைக்கொண்டே துணிதல் எவ்வாறு என அது விளக்குகின்றது. கொன்ஸ்தந்தீனின் வெற்றி வளைவை எடுத்துக்கொண்டு, கட்டட அமைப்பு நன்று, அக்காலத்தே செதுக்கிய சிற்பங்கள் இழிந்தன, முற்காலக் கட்டடங்களிலிருந்து பெயர்த்துப் பதித்த சிற்பங்களோ மிகச் சிறந்தன எனப் பிரித்துக் காட்டுகின்றது. ஒரே சுவரில் இரு நூற்றாண்டுகளின் கை இருத்தலை இவ்வாறு கண்ணாற் பகுத்துக் கூறியது அதுகாறும் அரிது. அடுத்து, காந்த ஊசியின் துணையால் நிலத்தை அளக்கும் முறையையும், கட்டடத்தைக் கிடைப்படம், வெளிமுகப்படம், உள்வெட்டுப்படம் என மூன்றாக வரையும் முறையையும் கூறுகின்றது. கட்டடக் கலைஞர் இன்றும் பின்பற்றுவது அதுவே.

இவ்விண்ணப்பத்தை எழுதியவர் யார் என்னும் வினா நெடுங்காலம் நிலவிற்று. 1733இற் படுவா நகரில் அது முதன்முறை அச்சேறியபோது கஸ்திலியோனேயின் நூல்களோடு சேர்க்கப்பட்டது. 1799இல் தானியேலே பிரான்செஸ்கோனி என்னும் அறிஞர் அதன் கருத்து இரபேலுடையது என நிறுவினார். கஸ்திலியோனேயின் கைப்பட எழுதிய வரைவொன்றும் உண்டு. ஒருவர் கண்டவற்றுக்கு மற்றவர் நடை கொடுத்தார் எனக் கொள்ளுதலே பொருத்தமாகும். இருவர் சேர்ந்து பார்த்ததை ஒருவர் பெயருக்கு உரித்தாக்க முயன்ற ஆராய்ச்சியாளரே இதனைச் சிக்கலாக்கிவிட்டனர் என்று தோன்றுகின்றது. 1520 ஏப்பிரில் 6ஆந் திகதி இரபேல் தம் முப்பத்தேழாம் வயதில் இறந்தார். அளவைப் பணி முடிவுறவில்லை. அவர் உடல் பந்தியோன் என்னும் பழைய கோயிலில் அடக்கஞ் செய்யப்பட்டது.

பிற்காலத்தவர் உலாவைப் பற்றி நீளக் கூற வேண்டுவதில்லை. வழி அவர்களுக்குச் செப்பனிடப்பட்டிருந்தது. ஆங்கில வரலாற்றாசிரியர் கிபன் தம் நண்பர் வில்லியம் கைசுடன் 1764இல் வந்து, ஸ்கொத்துலாந்து அறிஞர் ஒருவர் வழிகாட்டப் பல வாரம் சுற்றினார். கப்பித்தோல் இடிபாடுகளிடையே அமர்ந்திருந்த அவ்வாண்டு ஒக்தோபர் 15ஆந் திகதி மாலையிலேயே உரோமப் பேரரசின் தேய்வையும் வீழ்ச்சியையும் எழுதும் எண்ணம் தமக்கு உதித்தது எனக் கூறினார். அப்பெருநூல் 1788இல் நிறைவெய்தியது. அதன் இறுதி அதிகாரம் எவ்வாறு தொடங்குகின்றது எனின், பொஜ்ஜோவும் நண்பர் ஒருவரும் குன்றேறிய காட்சியோடு தொடங்குகின்றது.

ஜேர்மானியக் கவிஞர் கேத்தே 1786இன் இறுதியில் மொல்லர் என்னும் மாற்றுப் பெயர் பூண்டு வந்து, கோர்சோ வீதியில் ஓவியர் திஷ்பைனின் இல்லத்திற் குடியிருந்தார். அவ்வில்லம் 1997 முதல் அவர் பெயரால் அருங்காட்சியகமாயுள்ளது. அவர் பெற்ற உதவி வேறுவகையானது. வரலாறு கூறும் துணைவரை அவர் நாடவில்லை, ஓவியர்களை நாடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியர் அஞ்சலிக்கா கௌப்மனுடன் ஓவியக்கூடங்கட்குச் சென்றபோது, பழகிய அவருடைய கண் காண்பதைத் தாமும் காணக் கற்றார். நண்பர் மோரிற்சு குதிரையினின்றும் வீழ்ந்து கை முறிந்தபோது, நண்பர்கள் முறைவைத்துப் பகலும் இரவும் அருகிருக்கக் கேத்தே ஏற்பாடு செய்தார். சுற்றுலாவில் நட்பு என்பது இடம் பார்த்தலோடு முடிவதன்று.

செஸ்தியுவின் கூம்பகத்தை நிலவொளியிற் கண்ட கேத்தே, அதன் பக்கத்தே தமக்கு ஒரு கல்லறை அமைந்ததாகக் கற்பனை செய்து 1788இற் படமொன்று வரைந்தார். கத்தோலிக்கரல்லாத பிறநாட்டார் அடக்கஞ் செய்யப்படும் இடம் அது. கவிஞர் ஊர் திரும்பினார். அவர் மகன் அவுகுஸ்தே 1830இல் அந்நகரில் இறந்து அங்கு அடக்கப்பட்டார். கல்லில் மகனின் பெயரில்லை. கேத்தேயின் மகன் என்று மட்டும் உண்டு.

புதர் மூடிய அக்கூம்பகம் பதினேழாம் நூற்றாண்டில் அகழ்ந்து துப்புரவு செய்யப்பட்டது. 2015இல் யப்பானிய வணிகர் ஒருவரின் நன்கொடையால் மீண்டும் தூய்மையாக்கப்பட்டது. பெத்திரார்க்கு படியாது சென்ற எழுத்துக்களை இன்று வீதியில் நின்றே படிக்கலாம்.

அதன் நிழலை அடுத்த நிலத்திலே 1821இல் ஆங்கிலக் கவிஞர் கீற்சு அடக்கஞ் செய்யப்பட்டார். காசநோயுடன் 1820 நவம்பரில் உரோமாபுரிக்கு வந்த அவருக்கு நகரைச் சுற்றிப் பார்க்கும் வலிமை இல்லாமற் போயிற்று. உடன் வந்த ஓவிய நண்பர் யோசேப்பு செவேண் நோயாளியை விட்டு நீங்காது பணிவிடை செய்தார். தாம் அடக்கப்படவிருக்கும் இடத்தைப் போய்ப் பார்த்து வருமாறு கீற்சு கேட்டுக்கொண்டார். செவேண் சென்று, கூம்பகத்தையும் புல்லையும் அங்குப் பூத்திருந்த மலர்களையும் கண்டு வந்து, படுக்கையருகே அமர்ந்து விரித்துரைத்தார். ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் பின், 1879இல், செவேணும் அந்நகரிலேயே இறந்தார். இருவர் கல்லும் இன்று அருகருகே நிற்கின்றன. கீற்சின் கல்லில் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை. பக்கத்துக் கல்லில் செவேணின் பெயரும், அவர் யாருக்கு நண்பராயிருந்தார் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன.